கழுத்தில் தொங்கிய பூட்ஸ்

நீங்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிடும் கேன்டீன் கூடத்தின் தரையில், இரும்புத் தகடு வைத்து மூடிய துளைகள் வரிசையாக இருக்கும். பார்த்திருப்பீர்கள், என்னவென்று யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். மூன்று கன்வேயர்களின் கால்கள் அந்தத் துளைகளில்தான் போல்ட் போட்டு நிறுத்தப்பட்டிருந்தன. கூடம் முழுக்க ராணுவ பூட்ஸ் ஓடியது. எங்கோ நடந்த ஒரு போருக்காக அந்த மூன்று லைன்களும் வந்தன. அந்தப் போர் ஓய்ந்ததும் போயின. அந்தக் காலம் முழுவதும் இங்கே தரப் பிரிவின் தலைவனாக இருந்தவன் நான்.

பெயர் காளியப்பன். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். முப்பத்தைந்து வருஷம் கீழே இந்தத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு, இப்போது மேலே சாமை விதைத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாகத் தரப் பிரிவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி உங்கள் மேலாளர் கேட்டார். அனுபவம் இருக்கிறது, உற்சாகத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் விடவில்லை. அதனால் எழுதுகிறேன். தோல் எத்தனை மில்லிமீட்டர், பசை எத்தனை டிகிரி என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர், நான் வேலை பழகிய காலத்தில், நல்ல லாட் ஒன்றைக் குறை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நாள் வேலை முழுக்க வீண். மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும்போது லைன் நடுவில் வந்து நின்று, நேற்று நான் பார்த்தது தப்பு என்று சொல்லிவிட்டு, தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். சமாதானம் சொல்லவில்லை, யாரையும் கை காட்டவில்லை. அன்று நான் அவரைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் நினைத்தேன். தலைவனாக இருப்பவன் இப்படியா எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்வான் என்று தோன்றியது. அந்த ஒரு வரியைச் சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது என் முறை வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ராணுவத்துக்கு பூட்ஸ் செய்வது எங்களுக்குப் புதிதல்ல. முன்பு அந்த ஆர்டர் எப்போதாவது வரும், நிதானமாகப் போகும். தோல் தடிமனாக இருக்கும். பூட்ஸின் அடியான சோலை மேல்தோலோடு பசை வைத்து ஒட்டி, அதன் மேல் சுற்றித் தையலும் போடுவோம். ஒரு ஜோடி வருஷக்கணக்கில் உழைக்கும். போர் தொடங்கிய பிறகு வந்த ஆர்டர் வேறு ரகம். அரிசி, பருப்பு போலத் தீர்ந்துகொண்டே இருக்கிற சரக்கைக் கேட்பது போலக் கேட்டார்கள். எந்த நாடு, எந்தப் பக்கம் என்று நான் எழுதப் போவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் எங்கோ யாரோ எங்களைப் போல லைன் ஓட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். இந்தக் காலத்துச் சண்டை அப்படித்தான் நடக்கிறது. வீரம் பற்றி டிவியில் பேசிக்கொள்கிறார்கள். யார் மிஷின் முதலில் நிற்கும் என்பதைத்தான் இரண்டு தரப்பும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வாணியம்பாடிக்காரர். தாத்தா காலத்திலிருந்து தோல்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஆனாலும் 'காளியப்பா' என்றுதான் அழைப்பார், நான் 'பாய்' என்பேன், மரியாதையோடு பேசுவேன், இருவருக்கும் அதில் குறை இல்லை. ஒரு காலத்தில் எங்கள் மலையிலிருந்து கடுக்காய் மூட்டை மூட்டையாக அவர்கள் ஷெட்டுக்கு இறங்கும், தோல் பதப்படுத்துவதற்கு. அந்தத் தோல் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு பூட்ஸாகப் போனது என்று பாய் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடுக்காய் பொறுக்கிய எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது. அவர்கள் செருப்பே போட்டதில்லை.

ஆர்டர் வந்ததும் மூன்று லைன் போட்டார்கள். அடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் கம்பெனி பஸ் விட்டார்கள். திருப்பத்தூர் பக்கத்தில் ஹாஸ்டல் எடுத்து, மலைப் பெண்களையும் வேலைக்குச் சேர்த்தார்கள். அதில் என் பங்கு நிறைய. என் மனைவியின் தம்பி வெள்ளையன், எனக்கு மச்சான், அவன் மகள் செல்வி பேஸ்டிங்கில் சேர்ந்தாள். சோலுக்குப் பசை தடவி, அப்பர் என்கிற மேல்தோலோடு ஒட்டுகிற இடம் அது. ஒரே வருஷத்தில் எங்கள் ஊரில் தகர வீடுகள் தளம் போட்ட வீடுகளாயின. கீழே இறங்கும் ஜீப்புகள் கூடின. புளி உலுக்க ஆள் கிடைக்கவில்லை, மரத்திலேயே காய்ந்து உதிர்ந்தது. சண்டை நீடிக்க வேண்டும் என்று யாரும் சாமியைக் கும்பிடவில்லை. நம் ஜனங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. ஆனால் சமாதானப் பேச்சுவார்த்தை என்று செய்தி வந்தால் மறுநாள் லைனில் பேச்சுச் சத்தமே இருக்காது. குனிந்த தலை நிமிராமல் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்தவன் நான். எனக்கும் அன்று சாப்பாடு இறங்காது.

கேட்ட வேகத்துக்குத் தையல் மிஷின்கள் ஈடு கொடுக்கவில்லை. ஆகவே சுற்றுத் தையலை எடுத்துவிட்டு, புதுப் பசையில் வெறும் ஒட்டு மட்டும் போதும் என்று வாங்குகிறவர்களே ஒப்புக்கொண்டார்கள். லேபில் பூட்ஸை மடக்கி மடக்கிப் பார்க்கும் மிஷின் அதற்கு நல்ல மார்க் போட்டது. ஆனால் அது உலர்ந்த பூட்ஸை மடக்கும் மிஷின். சேற்றில், மேட்டில், சுமையோடு நடக்கிறவன் காலில் பூட்ஸ் என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியாது. அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது.

அந்த வழிதான் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பன்னிரண்டு ஜோடியை எங்கள் மலையில் பன்னிரண்டு பேருக்குக் கொடுப்பேன். ஆறு வாரம் போட்டுக்கொண்டு அவர்கள் வேலையை அவர்கள் பார்க்க வேண்டும்: ஏர் ஓட்ட, சுமை தூக்க, காட்டுக்குள் போக. பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டுப் புது ஜோடி ஒன்றை இனாமாகப் பெற்றுக்கொள்ளலாம். திரும்பி வந்ததை அறுத்துப் பார்ப்போம். மலைச் சோதனை என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் பாய் என்னைக் கூப்பிட்டு அதை விளக்கச் சொல்வார். நானும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போய் விளக்குவேன்.

அந்த ஒட்டு பூட்ஸ் பன்னிரண்டு ஜோடியும் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தன. மண் அப்பியிருந்தது, தோலில் கீறல், சோல் விளிம்பு தேய்ந்திருந்தது, ஒட்டு ஒன்றும் விடவில்லை. வழக்கம் போல உள்ளே கையை விட்டேன். போட்டு நடந்த பூட்ஸின் உள் அட்டையில் வியர்வை ஊறி உப்புப் பூத்து, பெருவிரல் இடத்தில் குழி விழுந்திருக்கும். அந்த அட்டை வழுவழுவென்று இருந்தது. ஒரு நிமிஷம் கை அங்கேயே நின்றது. கேட்டில் லாரி நின்றுகொண்டிருந்தது. பங்குனி வெயில், உலர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உலர்ந்தால் உப்பு இன்னும் நன்றாகத்தான் தெரியும். அது எனக்குத் தெரியாததா? கையை வெளியே எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். முதல் கன்டெய்னர் போயிற்று.

இரண்டாவது கன்டெய்னருக்குத் தோல் வேறு இடத்திலிருந்து வந்ததால் மறுபடியும் பன்னிரண்டு ஜோடி மேலே போயின. அது ஐப்பசி. ஊரில் ஒரு காரியத்துக்காக நான் போக வேண்டியிருந்தது. புதூர்நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தூறலில் ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். எதிரே மச்சான் வெள்ளையன் சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தான். வெறுங்கால். பூட்ஸ் இரண்டும் நாடாவில் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கின. நனையாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் கவர்.

அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எப்ப வந்தே மாமா என்று சிரித்தான். பூட்ஸைக் காட்டி, ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"இன்னா மாமா இப்டி கேக்குற? இவ்ளோ நல்ல பொருளு. சேத்துல வெச்சி தேய்க்கவா குடுத்தாங்க? சந்தைக்குப் போனா போட்டுக்குவேன். கண்ணாலத்துக்குப் போட்டுக்குவேன்."

போன தடவையும் இப்படித்தானா என்று கேட்டேன். அவன் மறைக்கவில்லை. பன்னிரண்டு பேரும் அப்படித்தான். தேயாமல் கொடுத்தால் எனக்குக் கோபம் வரும், கம்பெனியில் என்னைத் திட்டுவார்கள் என்று, கடைசி இரண்டு நாள் மட்டும் போட்டுக்கொண்டு ஏர் ஓட்டின வயலில் நடந்து, விளிம்பைப் பாறையில் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பூட்ஸ் நன்றாக உழைத்தது என்று தெரிந்தால் ஆர்டர் நிறைய வரும், பிள்ளைகளுக்கு வேலை நிலைக்கும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் எல்லோரும் செய்திருக்கிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது?

அவனைத் திட்டக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. விடுதிப் பள்ளியில் எனக்கு முதல் முதலாகச் செருப்புக் கொடுத்தபோது, லீவுக்கு ஊருக்கு வரும் வழியெல்லாம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறியவன் நான். எங்கள் ஜனம் நல்ல பொருளை என்ன செய்யும் என்று இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருந்தது. காலர் சட்டை போட்டு விளக்கம் சொல்லிச் சொல்லி அதை மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அந்த வழுவழுப்பான அட்டையில் கை பட்டபோதே எனக்குத் தெரியும்.

லீவைப் பத்து நாளுக்கு நீட்டிக்கொண்டு அங்கேயே தங்கினேன். பன்னிரண்டு பேரையும் கூட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை கழற்றக் கூடாது என்று சொல்லி, மச்சானுக்குப் போன தடவை இனாமாகக் கிடைத்த ஜோடியை நானும் போட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தேன். பரந்து விரிந்த மலைக் கால்களுக்கு அந்த பூட்ஸ் ஒரு தண்டனை. இரண்டாம் நாளே கொப்புளம். இதைப் போட்டுக்கொண்டு எவன் சண்டை போடுவான் மாமா என்று மச்சான் கேட்டுக்கொண்டே வந்தான். மழை விடவில்லை. ஆறாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் மூன்று, ஒன்பதாம் நாள் என்னுடையது. பத்து நாளில் பதின்மூன்றில் ஏழு ஜோடி வாயைப் பிளந்துவிட்டன. எல்லாம் ஒரே இடம்: பெருவிரலுக்கு முன்னால். உள்ளே சேறு புகுந்து, வெளியே போக வழியில்லாமல் காலோடு கிடந்தது. சாயங்காலம் கழற்றினால் பாதம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். எங்களுக்கு அடுப்பு இருந்தது, கால் காயவைக்க வீடு இருந்தது. பனி கொட்டுகிற இடத்தில் குழிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன இருக்கும்? முதல் கன்டெய்னர் போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

கிளம்பும்போது மச்சான் வழியனுப்ப வந்தான். நான் கீழே போய்ச் சொல்லப் போகிறேன் என்பது அவனுக்குத் தெரியும்.

"சொன்னா லைன நிறுத்திடுவாங்களா மாமா?" என்றான்.

தெரியாது என்றேன். செல்வியைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜீப் வந்தது, ஏறிவிட்டேன்.

தொழிற்சாலைக்கு நேராகப் போனேன். இரண்டாவது கன்டெய்னருக்கான சரக்கு முக்கால்வாசி பெட்டி கட்டியாகிவிட்டது. லாரி கிளம்ப ஆறு நாள் இருந்தது. பிளந்த ஏழு ஜோடியையும் பாய் மேஜை மேல் வரிசையாக வைத்தேன். மலைச் சோதனை பொய், முதல் லாட்டை நான் பார்த்தது தப்பு என்றேன். பழைய தலைவர் எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

பாய் ஒரு பூட்ஸை எடுத்து, பிளந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். கத்தவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துத் தயாராகப் போனவனுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுபடியும் தையல் போட்டால் எத்தனை நாள் என்று கேட்டார். பழைய மிஷின்களை எடுத்து ஓட்டினால் மூன்று வாரம் என்றேன். கப்பல் காத்திருக்காதே என்றார். அது தெரியும் என்றேன். கடைசியில் அவரே பக்கத்திலிருந்த மேனேஜரைக் கூப்பிட்டு, வாங்குகிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார்: தொடர்ந்து ஈரத்தில் இருந்தால் பத்து நாளுக்குள் சோல் விடுகிறது, முதல் லாட்டிலும் இதே நிலை இருக்கும், இரண்டாவது லாட்டைத் தைத்துத் தர மூன்று வாரம் அவகாசம் வேண்டும். அந்தக் கடிதத்தை அனுப்பிய மனிதரைப் பற்றி நீங்கள் கேள்விப்படும் மற்ற கதைகள் என்னவோ, எனக்கு அவர் மேல் மரியாதை அன்றைக்கு வந்தது, இன்னும் இருக்கிறது.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் லைனில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். செல்வி மட்டும் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஆர்டர் போகும், என் வேலையும் போகும், மலையில் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இரண்டாம் நாள் காலை பாய் கூப்பிட்டு அனுப்பினார்.

பதில் நாலே வரிதான். அவர் இங்கிலீஷில் படித்து, பிறகு தமிழில் சொன்னார். தெரிவித்ததற்கு நன்றி. முதல் லாட் ஏற்கெனவே விநியோகமாகிவிட்டது, அதைப் பற்றி நடவடிக்கை ஏதும் தேவையில்லை. இந்த ஜோடிகள் முன்வரிசைக்குப் போகின்றன. அங்கே பத்து நாள் உழைத்தால் போதுமானது. தேதி மட்டும் தவறக் கூடாது.

எனக்கு அப்படியே உடம்பு லேசானது. இருக்கிற உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்து நாளுக்கு ஒரு தடவை வேறு ஜோடி கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது, பணக்கார ராணுவம் என்றேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூட்ஸ மாத்துவாங்கன்னு அவங்க எழுதல காளியப்பா. ஆள மாத்திடுவாங்க."

முப்பது வருஷமாக நான் பூட்ஸ் எத்தனை நாள் உழைக்கும் என்று பார்த்திருக்கிறேன். போடுகிறவன் எத்தனை நாள் இருப்பான் என்று ஒருவர் கணக்குப் போட்டு, அதற்கு ஏற்றபடி பூட்ஸ் வாங்க முடியும் என்பது என் புத்திக்கு எட்டியதே இல்லை. தொழிற்சாலைக்குள் நாம் எதையெல்லாம் தேய்மானம் என்று சொல்கிறோமோ, அதில் மனுஷனையும் சேர்த்து எழுதிவிட்டால், பிறகு எல்லாமே சரியாகத்தான் இருக்கும். காகிதப்படி அந்த பூட்ஸ் இப்போது நல்ல பூட்ஸ். வாங்குகிறவர் கேட்ட தரத்தில் இருக்கிறது. அதைக் குறை என்று எழுத என் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பாய் கோபப்படவில்லை. நான் வேண்டாம் என்றால் நாளைக்கே வேறு ஊரில் இதே பூட்ஸை இதே பசையில் ஒட்டுவார்கள், இங்கே மூன்று லைன் மட்டும் நின்றுபோகும் என்றார். அது பொய் இல்லை. நானும் பேசினேன், அவரும் பேசினார். இரண்டு பேரும் களைத்துப்போனோம். கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான்: லாரி கிளம்புகிற வரை இருக்கிற நாளில், பிளக்கிற அந்த முன்பக்கத்துக்கு மட்டுமாவது தையல் போட விடுங்கள்.

"நாலு நாளு இருக்குது," என்றார் பாய். "எத்தினி முடியுமோ தெச்சிக்கோ. லாரிய நான் நிறுத்த முடியாது."

தார்ப்பாய் போட்டு மூடியிருந்த பழைய தையல் மிஷின் இரண்டை வெளியே எடுத்தோம். ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள், ஆள் அனுப்பிக் கூட்டி வந்தோம். கட்டிய பெட்டிகளைப் பிரித்தோம். எதற்கு என்று லைனில் நான் சொன்னேன், பாய் தமிழில் சொன்ன அந்தப் பதிலை அப்படியே. சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். மிஷின் ஒன்று மூன்றாம் நாள் மக்கர் செய்தது, அரை நாள் போயிற்று. நாலாம் நாள் மதியம் எண்ணிப் பார்த்தபோது, சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் தையல் விழுந்திருந்தது.

லாரி கேட்டுக்கு வந்துவிட்டது. பெட்டிக்குப் பத்து ஜோடி. செல்வி கையில் டேப்போடு வந்து என் முன்னால் நின்றாள்.

"மாமா, தெச்சத தனி பெட்டில வெக்கட்டுமா, கலந்து வெக்கட்டுமா?"

அந்தக் கேள்வியை நான் அதுவரை யோசிக்கவே இல்லை. எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். தனியாக வைத்தால், ஒரு பட்டாளக் குழுவுக்கு முழுக்க நல்ல பூட்ஸ் போகும், இன்னொரு குழுவுக்கு ஒன்றுமே போகாது. கலந்து வைத்தால் பத்துப் பேரில் மூன்று பேருக்காவது கால் நிற்கும். எங்கள் மலையில் பத்துப் பேராகக் காட்டுக்குப் போனால், கால் நன்றாக இருக்கிறவன் முடியாதவனுடைய சுமையையும் வாங்கிக்கொள்வான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கலந்தே வை என்றேன். அவள் அப்படியே செய்தாள். ஏழு ஒட்டு, மூன்று தையல். எல்லாப் பெட்டிக்கும் நான் கையெழுத்துப் போட்டேன். போட மாட்டேன் என்று சொன்ன அதே கைதான்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். உள்ளே கையை விட்டுப் பாருங்கள், கை சொல்வதைக் கேளுங்கள், அது ஒன்று. இத்தனை நாள் உழைத்தால் போதும் என்று படிவத்தில் ஒரு எண் இருந்தால், அதை எழுதியவன் யாரை நினைத்து எழுதினான் என்று வாய் திறந்து கேளுங்கள், அது இன்னொன்று.

லாரி கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்பிய பிறகு, பெண்கள் கை கழுவப் போனார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பத்துப் பேரில் மூன்று பேருக்குத்தான் நடக்கக் கால் இருக்கிறது என்றால், அந்த மூன்று பேரைத்தானே முதலில் முன்னால் போகச் சொல்வார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.